ஆடியில் போடாத ஆர்டர்

சேவூர்
4.8.2009

அன்புள்ள இனியாவுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் முட்டிவலி மட்டும் சௌக்கியத்துக்கு வெளியே நிற்கிறது. உன் உடம்பு எப்படி? ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிப் போன தடவை நீ ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று கேட்பாய். போனில் நான் "அலோ" சொல்வதோடு சரி, மீதியை உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். லெட்டரில்தான் நான் ஆரம்பித்த பேச்சை நானே முடிக்க முடிகிறது. பத்தாம் வகுப்பு பரீட்சையை இரண்டு தடவை எழுதியவன் என்பதால் எழுத்துப் பழக்கமும் மற்றவர்களைவிட எனக்கு அதிகம்.

ஆபீஸ் எப்போதும்போல. சென்னைக் கம்பெனிக்காரர்கள் எங்கள் ஆரணிக் கொள்முதல் சென்டரில் கம்ப்யூட்டர் வைத்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னமும் அதன் முன்னால் உட்கார்ந்தால் மாமனார் வீட்டுக்கு முதல் தடவை போனவன் மாதிரி விறைத்துக்கொள்கிறேன். நெசவாளிகள் புடவை கொண்டுவருகிறார்கள், நான் தட்டுகிறேன்.

எதிர்வீட்டுச் சின்னபொண்ணு, "உம் பொண்ணு இன்னா வேலதான் பண்ணுதுண்ணே?" என்றாள். "கம்ப்யூட்டர்ல" என்றேன். "அத்த விக்குதா, ரிப்பேர் பண்ணுதா?" என்றாள். எனக்கே தெரியவில்லை. விவரமாக எழுது. நானும் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா.

உன் அப்பா
துரைக்கண்ணு


பெங்களூர்
11.8.2009

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முட்டிக்குத் தைலம் போதாது, டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நீங்கள் வெயிலில் சைக்கிள் மிதிப்பதையும் குறையுங்கள்.

சின்னபொண்ணு அக்காவிடம் இப்படிச் சொல்லுங்கள். ஒரு பெரிய கம்பெனி சரக்கு வாங்குகிறது. முதலில் ஆர்டர் போடுகிறார்கள், பிறகு சரக்கு வருகிறது, பில் வருகிறது, அதிகாரி பாஸ் பண்ணுகிறார், செக் போகிறது. இந்த ஒவ்வொன்றும் கம்ப்யூட்டரில் நேரத்தோடு பதிந்துவிடும். அந்தப் பதிவுகளை மொத்தமாக அள்ளி எங்கள் சாஃப்ட்வேரில் போட்டால், வேலை உண்மையில் எந்த வழியாகப் போகிறது என்று அதுவே படம் வரைகிறது. மேனேஜர்களைக் கேட்டால் ஒரு நேர்க்கோட்டைச் சொல்வார்கள். படத்தில் வேறு வரும். பில் எந்த மேசையில் தேங்குகிறது, எங்கே போய்விட்டுத் திரும்பி வருகிறது எல்லாம் தெரியும். தெரிந்தால் சரிசெய்யலாம், சரக்கு கொடுத்தவர்களுக்குப் பணம் சீக்கிரம் போகும். இதற்கு பிராசஸ் மைனிங் என்று பெயர். இங்கே இதைச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு. என் முதல் ப்ராஜெக்ட்டே இதுதான் என்பதில் கொஞ்சம் பெருமை, நிறைய பயம்.

எந்தக் கம்பெனிக்கு என்று வெளியே சொல்லக்கூடாது. ஆனால் ஒரு சந்தேகம். ஒரு கிளையில் மட்டும் வருஷாவருஷம் ஆகஸ்டில் அம்புக்குறி தலைகீழாக ஓடுகிறது. சரக்கும் பில்லும் வந்துவிடுகின்றன, ஆர்டர் அதற்குப் பிறகு வருகிறது. ஒரே ஆள் ஒரே நாளில் அத்தனையும் போடுகிறார். பெயர் எங்களுக்கு வராது, ஏழாம் எண் என்றுதான் வரும். நீங்கள் கொள்முதலில் இருப்பவர். இப்படி எதனால் நடக்கும்?

அன்புடன்
இனியா


சேவூர்
19.8.2009

அன்புள்ள இனியாவுக்கு,

எல்லோரும் சுகம். மைனிங் என்றதும் உன்னை நெய்வேலிக்கு மாற்றிவிட்டார்கள் என்று உன் அம்மா அழ உட்கார்ந்துவிட்டாள். முழுதும் படித்துக் காட்டித் தேற்றினேன்.

என்னிடம் ஒரு என்ஜினீயர் சந்தேகம் கேட்கிறார். இந்த லெட்டரை ஃபிரேம் போடலாம்.

ஏழாம் எண் எங்களைப் போல ஆடி பார்க்கிற ஆளாக இருப்பார் இனியா. எங்கள் மேனேஜர் ஹேமநாத் சாரைத்தான் உனக்குத் தெரியுமே. கம்பெனி சென்னைக்காரர்களுடையது என்றாலும் கட்டடம் அவர் அப்பா கட்டியது. கல்லாவுக்கு மேலே மாலையோடு தொங்குவதும் அந்தப் பெரியவர்தான். ஆடி பிறந்தால் புது ஆர்டர் போடக்கூடாது. "ஆடியில புதுசா ஆர்டர் போட்டா எங்கப்பா போட்டோவுல இருந்து எறங்கி வந்துருவாரு, துரை" என்பார். ஆடி என்று தறி நிற்குமா? அபிதகுசாம்பாள் அக்கா தறியிலிருந்து அறுத்த புடவையோடு வந்து நின்றால் ஆவணியில் வா என்று சொல்ல முடியுமா? ஆர்டர் இல்லாமலே சரக்கை வரவு வைக்கக் கம்ப்யூட்டரில் ஒரு வழி இருக்கிறது. வரவு வைத்து, பில்லையும் ஏற்றிவிடுவேன். ஆவணி முதல் தேதி குளித்து, விபூதி பூசி, எல்லா ஆர்டரையும் ஒரே மூச்சில் தட்டுவேன். இந்த வருஷம் முந்தாநாள் தட்டி முடித்தேன். விரல் இன்னமும் வலிக்கிறது.

இதில் என் மூளையும் கொஞ்சம் உண்டு. தேதிக் கட்டத்தில் ஆனி கடைசி நாளைப் போட்டுவிடுவேன். பார்க்கிறவனுக்கு ஆர்டர் முன்னால், சரக்கு பின்னால். ஆடிக்கும் பங்கமில்லை, கம்பெனிக்கும் பங்கமில்லை. "நீ மட்டும் பத்தாவது பாஸ் பண்ணிகினு இருந்தா கலெக்டர்டா" என்றார் ஹேமநாத் சார். பாஸ் பண்ணாததால் அவருக்குக் கிடைத்தேன்.

ஏழாம் எண் நல்ல மனுஷராகத்தான் இருப்பார். ஒன்றும் சந்தேகப்படாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அப்பா


பெங்களூர்
9.9.2009

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. விநாயகர் சதுர்த்திக்கும் வர முடியவில்லை. அம்மாவிடம் கோபிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியது உதவியாக இருந்தது. தேதிக் கட்டம் வேறு, கம்ப்யூட்டர் தானாக உள்ளே எழுதிக்கொள்ளும் நேரம் வேறு, அப்பா. கட்டத்தில் எதைப் போட்டாலும் உள்ளே இருப்பது மாறாது. எங்கள் படம் உள்ளே இருப்பதைத்தான் எடுக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மேலே இருப்பவர்கள் முன்தேதி போட்ட கள்ள ஆர்டர் என்பார்கள். அதனால் இது அந்த ஊர் வழக்கம், உள்நோக்கம் கிடையாது என்று ரிப்போர்ட்டில் விளக்கிச் சேர்த்தேன். எங்கள் லீடர் படித்துவிட்டுச் சிரித்தார். நன்றாக இருக்கிறது, இருக்கட்டும் என்றார்.

இனிமேல் தேதியை மாற்றிப் போடாதீர்கள். யார் சொன்னாலும்.

உங்கள் சென்டரில் ஆர்டர் தட்டுவது நீங்கள் ஒருவர்தானா?

இனியா


சேவூர்
25.9.2009

அன்புள்ள இனியாவுக்கு,

சுகம். அம்மாவை வேலூரில் காட்டினோம். மாடிப்படி ஏறாதீர்கள் என்றார் டாக்டர். நம் வீட்டில் மாடி இல்லாததால் வைத்தியம் பாதி முடிந்தது.

போன வாரம் சென்னையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். சுவர் அகலத்துக்கு ஒரு காகிதத்தை விரித்து ஒட்டினார்கள். மார்கழியில் உன் அம்மா போடும் சிக்குக்கோலம் மாதிரி கோடும் அம்பும். அதில் நம் பில் எல்லாம் சென்னையில் மூன்று மேசையைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தேன். இத்தனை நாள் செக் தாமதத்துக்கு நெசவாளிகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வரைந்தவர் யாரோ கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அதிகாரி இங்கிலீஷ் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தமிழில் படித்தார். "மேனேஜரின் காலஞ்சென்ற தந்தை புகைப்படத்தை விட்டு இறங்கி வந்துவிடுவார் என்ற அச்சத்தினால்…" நிறுத்திவிட்டு, "இது இன்னா சார்?" என்று ஹேமநாத் சாரைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஹேமநாத் சார் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் கடைசியாகச் சிரித்தேன்.

எனக்குக் கொஞ்ச நாள் ரெஸ்ட் கொடுத்திருக்கிறார்கள். நல்லதுதான். கூரை ஓடு மாற்ற வேண்டும் என்று உன் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். உன் கேள்விக்குப் பதில்: ஆர்டர் தட்ட இன்னொரு ஆள் வரப்போகிறாராம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


சேவூர்
30.9.2009

கண்ணு இனியாவுக்கு அம்மா எழுதறது. நீ நல்லா இருக்கியா? என் முட்டி இருக்கட்டும், அது எங்க போவப்போவுது.

உங்கப்பா லீவுன்னு எழுதிருப்பாரு. லீவு இல்ல. வேலைய விட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. தேதிய மாத்தி கள்ள ஆர்டர் போட்டாருன்னு பேப்பர் குடுத்திருக்காங்க. தீபாவளி கழிஞ்சி இருபத்தாறாம் தேதி விசாரணையாம். ஓடு மேல ஏறி உக்காந்துகினு எறங்கவே மாட்டேங்கறாரு.

ஹேமநாத் வீட்டுக்கே வந்துட்டாரு. "போட்டோ விஷயம் உனக்கும் எனக்கும்தான் தெரியும். யார்கிட்ட சொன்ன?"ன்னு கேட்டாரு. உங்கப்பா, "யார்கிட்டயும் சொல்லல சார்"ன்னாரு. "பொய் சொல்லாத துரை"ன்னாரு. உங்கப்பா ஏணிய எடுத்தாந்து ஓட்டு மேல ஏறிட்டாரு.

கோர்ட்டாண்ட வக்கீல் குமாஸ்தாவா இருக்காரே, நம்ம அன்புச்செல்வன், அவரு சொல்றாரு, அந்த விஷயம் ரிப்போர்ட்டுக்கு எப்படிப் போச்சுன்னு மட்டும் சொல்லி, எழுதினவங்க பழக்கத்துல தனியா கேட்டு வாங்கினதுன்னு ஆயிட்டா ரிப்போர்ட்டே செல்லாது, வேல நிக்கும்னு. கேட்டா இவரு, "தெரியாது"ங்கறாரு. இருபத்திரண்டு வருசம் கூட இருக்கேன், இவரு தெரியாதுன்னு சொல்றதுல எது தெரியாது, எது சொல்லமாட்டேன்னு எனக்குத் தெரியும்.

உனக்கு எதுனா தெரியுமா கண்ணு? நான் எழுதினேன்னு அவருக்குத் தெரிய வேணாம்.

கண்ணகி


பெங்களூர்
5.10.2009

அப்பா,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

அது உங்கள் கம்பெனிதான் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். கிளைப் பெயர் ஆரணி என்றுதான் வந்தது. என் அப்பா அங்கே இருக்கிறார் என்று அன்றே லீடரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ப்ராஜெக்ட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. ஏழாம் எண் வேறு யாராவது இருக்கும் என்று நினைத்தேன். உங்கள் ஆவணி லெட்டரைப் படித்த பிறகு அப்படி நினைக்கவும் முடியவில்லை. விளக்கம் எழுதினால் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பினேன். அதையே அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டது மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

விசாரணையில் என் பெயரைச் சொல்லுங்கள். மகள் லெட்டரில் கேட்டாள், அதை எடுத்து எழுதிவிட்டாள் என்று சொல்லுங்கள். உங்கள் வேலை போகக்கூடாது.

இனியா


சேவூர்
11.10.2009

அன்புள்ள இனியாவுக்கு,

நாங்கள் சுகம். உன் லெட்டரில் நலம் விசாரிப்பு இல்லாததால் என் பங்கை நானே விசாரித்துக்கொண்டேன். அம்மாதான் உனக்கு எழுதியிருக்கிறாள் என்று தெரிகிறது. அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நீ எழுதியதில் பொய் ஏதும் இல்லை. தேதியைத் தட்டியது என் விரல். உன் பெயரைச் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே. ரிப்போர்ட் செல்லாது என்று சொன்ன அதே அன்புச்செல்வனிடம், "எழுதின ஆளு கதி?" என்று பொதுவாகக் கேட்டேன். "ரகசியத்த வெளிய விட்ட ஆள எந்தக் கம்பெனி மாமா சேப்பான்? வேற தொழில்தான்" என்றான். அப்படியென்றால் முடிந்தது. எனக்கு இன்னும் ஆறு வருஷம்தான் சர்வீஸ். உனக்கு இப்போதுதான் ஆரம்பம்.

ஹேமநாத் சார், "எனக்கு எதுவும் தெரியாது, அவராகப் பண்ணிவிட்டார்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அவர் மேல் கோபமில்லை என்று எழுதப்போனேன். பொய்யாகிவிடும், விட்டுவிட்டேன்.

ஆடியில் ஏற்றிய பில்லையெல்லாம் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அபிதகுசாம்பாள் அக்கா நேற்று வீட்டுக்கு வந்தார். "தீபாவளிக்குள்ளயாவது வருமாப்பா?" என்றார். திட்டியிருந்தால் தேவலை. மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நானாக விலகிவிட்டால் விசாரணையும் இல்லை, பில்லையும் விட்டுவிடுவோம் என்று சென்னையிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். யோசிக்கிறேன்.

தீபாவளிக்கு வராதே. இங்கே யாராவது பார்த்து, பெங்களூரில் எந்தக் கம்பெனி என்று கேட்டால் பேஜார். புதுத்துணியை வேலுவின் லாரியில் கொடுத்தனுப்புகிறேன். நம் தெரு வேலுதான், வாராவாரம் அங்கே லோடு ஓட்டுகிறான்.

அப்பா


சேவூர்
22.10.2009

அன்புள்ள இனியாவுக்கு,

நாங்கள் சுகம். துணி அளவு சரியாக இருந்ததா? அம்மா பூ கட்டிவிட்டுத்தான் நீ இல்லையென்று ஞாபகம் வந்து சின்னபொண்ணு மகளுக்குக் கொடுத்தாள்.

விஷயம் முடிந்தது. நேற்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். சொந்தக் காரணங்களால் விலகுகிறேன் என்று இரண்டே வரி. அன்புச்செல்வன், "இன்னா சொந்தக் காரணம்னு கேட்டா?" என்றான். "ஓடு மாத்தணும்" என்றேன். இனி விசாரணை இல்லை. பில் எல்லாம் வரும் வாரம் பாஸ் ஆகும்.

இனி நீ யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. புரிகிறதா? உன் வேலையைப் பார். நன்றாகச் செய்கிறாய். அந்தப் படத்தை நான் சுவரில் பார்த்தவன், சொல்லலாம்.

அப்பா


பெங்களூர்
23.10.2009

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். வேலு கொண்டுவந்து கொடுத்த துணி அளவாக இருக்கிறது.

இன்று காலை லீடரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏழாம் எண் என் அப்பா, அந்த விளக்கம் அவர் எனக்கு எழுதிய லெட்டரிலிருந்து எடுத்தது என்று எழுதியே கொடுத்தேன். அவர் நான் எழுதியதை இரண்டு தடவை படித்தார். பிறகு என் கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போகச் சொன்னார். உங்கள் தலைமை ஆபீசுக்கும் இன்றே தெரிவிப்பார்களாம்.

நீங்கள் வேண்டாம் என்று சொன்னீர்கள். கேட்கவில்லை. எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

போனை அம்மா எடுப்பாள் என்பதால் இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், திங்கட்கிழமை விசாரணைக்குள் கிடைத்துவிடும். அங்கே தைரியமாகப் பேசுங்கள். ஹேமநாத் சார் சொல்லித்தான் செய்தேன் என்று சொல்லுங்கள். இனி அவர்களால் உங்களை ஒன்றும் செய்ய முடியாது. அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள்.

இனியா


சேவூர்
20.11.2009

அன்புள்ள இனியாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி என்று தெரியவில்லை. போன் அணைந்தே கிடக்கிறது, லெட்டரும் இல்லை. உன் ஹாஸ்டல் வார்டன்தான் நீ அங்கே இருப்பதாகவும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னார்.

உன் லெட்டர் இங்கே வந்தபோது நான் கையெழுத்துப் போட்டு ஆறு நாள் ஆகியிருந்தது. வெள்ளைச் சட்டை என்று நீ எழுதிய இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்துபோய், ஓடு மேல் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். நான் விலகியதை எழுதிய என் லெட்டர் உனக்குக் கிடைத்ததும் நீயும் எங்கேயாவது போய் உட்கார்ந்திருப்பாய்.

போன வாரம் சென்னை அதிகாரி வீட்டுக்கு வந்தார், அன்று ரிப்போர்ட்டைப் படித்தாரே, அவரே. மரியாதையாகப் பேசினார். உன்னை அந்த ப்ராஜெக்ட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றார். "வேலைய விட்டேவா சார்?" என்றேன். "அத்த அவுங்க இன்னும் முடிவு பண்ணல" என்றார். அந்த ரிப்போர்ட்டில் என்னைப் பற்றிய பக்கம் செல்லாதாம், ராஜினாமாவை நான் திரும்பப் பெறலாமாம், பழைய இடத்திலேயே உட்காரலாமாம். உன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு. உங்க பொண்ணு எழுதின லெட்டர் எல்லாத்தையும் குடுத்துடணும்" என்றார். ரகசியத்தை வெளியே விட்டதற்காக எங்கள் கம்பெனிக்காரர்கள் உன் கம்பெனி மேல் கேஸ் போடப்போகிறார்களாம். நீ சொன்னது மட்டும் போதாதாம், உன் கையெழுத்தில் வேண்டுமாம்.

"எலி தின்னுடுச்சி சார்" என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"படிச்ச எலி சார். ஒண்ணு விடல."

அவர் சிரித்துவிட்டார். பிறகு, "யோசிச்சி சொல்லுங்க, துரைக்கண்ணு. இந்த வயசுல வேற வேல கெடைக்காது" என்றார். அது நிஜம். ரைஸ்மில்லில் கேட்டேன், தை மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். அவர் பைக்கில் ஏறும்வரை கூடவே போனேன். யோசிக்க ஒன்றும் இல்லை சார், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

அபிதகுசாம்பாள் அக்காவைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "பழைய பாக்கி வந்துச்சிப்பா. புது பில்லுக்குக்கூட செக்கு இப்ப ஜல்தியா வருது. மெட்ராஸ்ல எதையோ சரி பண்ணிட்டாங்களாம், யாருன்னு தெர்ல, நல்லா இருக்கட்டும்" என்றார். நாக்கு நுனி வரை வந்தது. "நல்லதுக்கா" என்றேன்.

உன் லெட்டர் எல்லாவற்றையும் உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாகப் படித்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலை உன் மெத்தையை வாசலில் வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். இனியா வரப்போகிறாளா என்று சின்னபொண்ணு கேட்டதற்கு, ஆமாம் என்று சொல்லிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

இதற்குப் பதில் எழுதாதே இனியா. இனி நீயும் நானும் லெட்டர் எழுத வேண்டாம். புறப்பட்டு வா.

அப்பா